இரண்டு சால்

போன தையில் அண்ணன் ஒரு விளம்பரத் தாளை என் மேஜையில் வைத்தார். டிராக்டர் ஸ்டீயரிங்கில் மாட்டுகிற கருவி. செயற்கைக்கோள் சமிக்ஞையையும் பக்கத்து நிலையம் அனுப்பும் திருத்தத்தையும் சேர்த்துக்கொண்டு, இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பிசகாமல் வண்டியை நேரே ஓட்டும். விலை லட்சங்களில். "அண்ணி நகையை வச்சுக்கலாம். நீ பேங்க்ல இருக்கவன், கட்டுமான்னு சொல்லு."

சலானின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஏக்கரைச் சதுரமாகப் பாவித்தால் ஒரு பக்கம் 208 அடி. கலப்பை 7 அடி அகலம். உழுததிலேயே அரையடி மறுபடி ஏறினால் 32 சால். ஏறாமல் போனால் 30. மிச்சம் இரண்டு சால். வத்தலக்குண்டில் எங்களுக்கு இரண்டு துண்டாக 3 ஏக்கர். ஊரார் வயலிலும் அண்ணன் ஓட்டுகிறார். ஆனால் வாடகை மணிக்கணக்கில். மிச்சமாகிற நேரம் வயல்காரருக்கு, வட்டி அண்ணனுக்கு. 2015-16 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நிலவுடைமை 0.75 ஹெக்டேர். இந்த அளவு நிலத்தில் நேர்கோடு ஓர் ஆடம்பரம்தான்.

தருமபுரி, கிருஷ்ணகிரியைச் சொன்னார் அண்ணன். 2004-05இல் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் துல்லியப் பண்ணையத் திட்டம் அங்கே தொடங்கி, மொத்தம் 400 ஹெக்டேரில் நடந்தது. ஆனால் அங்கே துல்லியம் என்பது சொட்டுநீர், அதில் கரைந்து போகும் உரம், சங்கமாகச் சேர்ந்து விற்றது. கருவிச் செலவில் பெரும்பங்கு அரசு மானியம். அண்ணியின் சங்கிலி அல்ல.

"கணக்கு சரிதாண்டா. சாயங்காலமானா எனக்குச் சால் தெரியல" என்றார். சலானை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். கேட்கப்படாத கேள்விக்கு அத்தனை துல்லியமாகப் பதில் சொல்லியிருந்தேன்.

செல்லப்பா இந்த ஊர்க்காரர். 1959 முதல் 1970 வரை 'எழுத்து' நடத்தினார். கட்டுமா என்று அவரைப் பற்றி நான் நினைத்ததே இல்லை. சிறுபத்திரிகைகளுக்குப் போகும் என் சம்பளப் பணத்துக்கும் கணக்கு எழுதியதில்லை. எனக்கென்றால் ஈடுபாடு, அண்ணனுக்கென்றால் லாப நஷ்டம். இந்த இரட்டை அளவுகோலை ஒரு கவிதை விமர்சனத்தில் கண்டால் சும்மா விடுவேனா?

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நான் வைத்தது என் பணம். அண்ணன் வைக்க இருந்தது அண்ணியின் நகை. அவரை இரண்டு பேருமே கேட்கவில்லை.

காப்பி கொண்டுவந்த அண்ணி தாளைப் பார்த்தார். "சாலு நேரா இருந்து என்ன? மேக்கால மேட்டுல தண்ணி ஏற மாட்டேங்குது. மம்பட்டியோட நிக்கிறது நான்தானே."

அந்த மேடு எங்கள் இருவர் கணக்கிலும் இல்லை. அப்பா தண்ணீர் கட்டி, சேறு தலைகாட்டும் இடம் பார்த்துப் பரம்படிப்பார். இப்போது லேசர் சமன் கருவி அதைச் செய்கிறது: முக்காலியில் சுழலும் ஒளி, அதைப் பிடித்து, மேடு பள்ளம் எதுவானாலும் ஒரே மட்டத்தில் நிற்கும் வாளி. வாங்க வேண்டியதில்லை, வாடகைக்குக் கிடைக்கிறது. அறுவடைக்குப் பின் காய்ந்த நிலத்தில் ஒரு காலை ஓட்டினோம். அடுத்த முறை தண்ணீர் மேற்கு வரப்பு வரை தானாகப் போயிற்று.

சால் இன்னும் கோணல்தான். அண்ணன் காலையில் மட்டும் ஓட்டுகிறார். கண்ணைக் காட்ட மதுரைக்குப் போகலாம் என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். மூன்று முறையும் லீவு போடவில்லை.