அடுப்புக்கு லீவு உண்டா?

ஆகஸ்ட் 15 காலை. மயிலாப்பூர் மாட வீதியில் பாங்க்குக்குப் பூட்டு. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து அனுப்பியாகிவிட்டது. ஓட்டலில் மட்டும் கால் வைக்க இடமில்லை. லீவு நாளென்றால் நம் வீட்டு அடுப்புக்கும் லீவாச்சே!

பொங்கல் கொண்டுவந்த அஸ்ஸாம் பையன் சட்டையில் குண்டூசியால் கொடி குத்தியிருந்தான். என் சட்டையில் பேனாதான். தேசபக்தியெல்லாம் வாயில். “இன்னிக்காவது மூடக்கூடாதாப்பா?” என்றேன்.

“மூடினா நாங்க எங்க சார் சாப்பிடறது?”

மாடியில் ஜாகை, சாப்பாடு இதே சமையலறையில். நமக்கு வெளியூர்க்காரர் கைச் சமையல் புதுசில்லை. உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து, ஓட்டல் எடுபிடியாக ஆரம்பித்த கிருஷ்ணராவ்தானே 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் தொடங்கினார்!

சட்டமும் ஓட்டலை மூடச் சொல்லவில்லை. தேசிய, பண்டிகை விடுமுறை நாட்களுக்கென்றே 1958-ல் வந்த சட்டம் அது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லாவிட்டால் சம்பளத்தோடு வேறொரு நாள் லீவு.

“டபுள் சம்பளம் உண்டில்லையா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

பையன் கல்லாவைத் திரும்பிப் பார்த்தான். கல்லாக்காரர் டி.வி.யில் கோட்டைக் கொடியேற்றத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு வடை வைக்கட்டுமா சார்?” என்றான்.