பாலம் வெடித்த பிறகு

ஒரு படத்தின் தரத்தை அதன் முடிவை வைத்து அளப்பவன் நான். ஆரம்பத்தில் சறுக்கிய படங்களை மன்னித்திருக்கிறேன். இடைவேளைக்குப் பிறகு தூங்க வைத்த படங்களையும் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் கடைசிப் பத்து நிமிடத்தில் ஏமாற்றிய படத்தை இரண்டாம் முறை பார்த்ததே இல்லை. நண்பர்கள் இதைக் கிறுக்கு என்பார்கள். இருக்கட்டும். விமர்சகனுக்குத்தான் தராசு வேண்டும். ரசிகனுக்கு விருப்பு வெறுப்புப் போதும்.

என்றாலும் எனது விருப்பு வெறுப்புக்கும் ஓர் அளவுகோல் உண்டு. எந்தச் சின்ன மனிதரைக் காட்டி, எந்தச் சின்னப் பொருளைக் காட்டி ஒரு படம் என்னை உள்ளே இழுத்ததோ, முடிக்கும்போது அதை ஞாபகம் வைத்திருக்கிறதா? அவ்வளவுதான் கேள்வி. நாயகன் வெல்வதும் தோற்பதும் எனக்கு இரண்டாம் பட்சம்.

பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’யை (1982) எடுத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பு மண்ணில் பிறந்த அந்தக் கலைஞர் நீலகிரியின் கேத்தி ரயில் நிலையத்தில் எடுத்த கடைசிக் காட்சி, வட்டவளை ஸ்டேஷனில் மழைக்கு ஒதுங்கி நின்ற எவருக்கும் அந்நியமாகத் தோன்றாது. அதே மலை, அதே ஈரம், அதே தேயிலை. நினைவு திரும்பிய பெண்ணுக்கு, தன்னைக் குழந்தையாகப் பார்த்துக்கொண்டவனைத் தெரியவில்லை. அவனோ இருவரும் விளையாடிய அதே குரங்குச் சேட்டைகளைச் செய்து காட்டுகிறான். யாரோ பிச்சைக்காரன் என்று நினைத்து அவள் உணவை எறிகிறாள். ரயில் போய்விடுகிறது. முன்பு நாம் சிரித்த விளையாட்டே கடைசியில் நம்மை அழ வைக்கிறது. புதிதாக ஒன்றையும் இயக்குநர் கொண்டுவரவில்லை. முன்பு தந்ததையே திருப்பித் தருகிறார்.

மணிரத்னத்தின் ‘நாயகன்’ (1987) முடிவும் அப்படித்தான். நீதிமன்றம் வேலு நாயக்கரை விடுவிக்கிறது. கூட்டம் ஆரவாரிக்கிறது. ஆனால் அவரால் கொல்லப்பட்ட பொலிஸ்காரரின் மகன், அவரே வளர்த்த அந்தப் பேதைப் பிள்ளை, துப்பாக்கியோடு வந்து நிற்கிறான். சட்டம் மறந்த கணக்கைக் கதை மறக்கவில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் வைப்பது ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதியின் ‘சில்ரன் ஒஃப் ஹெவன்’ (1997) முடிவைத்தான். தங்கையின் சப்பாத்தைத் தொலைத்துவிட்ட அலீ, ஓட்டப் போட்டியில் மூன்றாமிடம் வந்தால் சப்பாத்துக் கிடைக்கும் என்பதற்காக ஓடுகிறான். துரதிர்ஷ்டம், முதலாமிடம் வந்துவிடுகிறான்! உலக சினிமாவில் வெற்றி இவ்வளவு துக்கமாக இருந்ததை நான் வேறெங்கும் காணவில்லை. தேய்ந்து கிழிந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கொப்பளித்த கால்களை முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியில் விடுகிறான். சிவப்பு மீன்கள் வந்து சூழ்கின்றன. அதற்குச் சற்று முன்புதான் வாப்பாவின் சைக்கிளில் புதுச் சப்பாத்துகள் இருப்பதை ஒரு கணம் நமக்குக் காட்டியிருப்பார்கள். பிள்ளைகளுக்கு அது தெரியாது. நமக்குத் தெரியும். அவ்வளவோடு படம் முடிகிறது. அல்லாஹ்வின் அருள் நாம் பாராத பாதையில் வந்துகொண்டிருக்கிறது என்பதை எந்தப் பிரசங்கமும் இல்லாமல் சொன்ன படம் அது.

தொலைக்காட்சித் தொடர்களின் கதை வேறு. ‘சித்தி’யும் ‘மெட்டி ஒலி’யும் எமது வீடுகளின் இரவுகளை ஆண்ட காலமொன்று இருந்தது. உம்மாமார் கண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். ஆனால் மெகா தொடர்களுக்கு முடிக்கத் தெரியாது, நிறுத்தத்தான் தெரியும் என்பது எனது அபிப்பிராயம். வருடக் கணக்காகச் செய்த கொடுமைக்கு வில்லி ஒரே நாளில் மன்னிப்புக் கேட்பாள். எல்லோரும் வரிசையாக நின்று சிரிப்பார்கள். இடையில் காணாமற்போன பாத்திரங்களைப் பற்றி எவரும் கேட்கமாட்டார்கள்.

முடிக்கத் தெரிந்த தொடருக்கு உதாரணம் அமெரிக்காவின் ‘மேஷ்’. கொரிய யுத்த களத்து வைத்தியசாலையொன்றைப் பற்றிய நகைச்சுவைத் தொடர் அது. யுத்தம் நடந்தது மூன்று வருடம். தொடர் ஓடியது 1972 முதல் 1983 வரை. 1983 பெப்ரவரி 28ஆம் திகதி ஒளிபரப்பான இரண்டரை மணி நேர இறுதிப் பகுதியைப் பத்துக் கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். டொக்டர் ஹோக்கி ஹெலிகொப்டரில் எழும்பும்போது, நண்பன் கற்களை அடுக்கித் தரையில் எழுதிவைத்த விடைபெறும் வார்த்தை தெரிகிறதே, அதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது கிளிங்கரின் முடிவு. படையிலிருந்து தப்புவதற்காகப் பெண் வேடமெல்லாம் போட்டுக் கூத்தடித்த லெபனான் வம்சாவளிச் சிப்பாய் அவன். எல்லோரும் ஊருக்குக் கிளம்பும்போது அவன் மட்டும், தான் மணந்த கொரியப் பெண்ணின் தொலைந்துபோன பெற்றோரைத் தேடக் கொரியாவிலேயே நின்றுவிடுகிறான். யுத்தம் யாருடைய மண்ணில் நடந்தது என்பதைத் தொடர் கடைசி நாளிலாவது ஞாபகப்படுத்தியது.

இவ்வளவும் சொன்னது ஒரு படத்தைப் பற்றிப் பேசுவதற்காகத்தான். கினிகத்தேனையில் இருந்துகொண்டு கடைசிக் காட்சிகளைப் பற்றி எழுதுகிறவன் அதைத் தவிர்க்க முடியாது. ஹட்டன் வீதியில் எமது ஊரிலிருந்து வளைந்து வளைந்து கீழே இறங்கினால் கித்துல்கல. அங்கே களனி கங்கைக்குக் குறுக்கே மரப்பாலம் கட்டி, அதை வெடிக்க வைத்துத்தான் டேவிட் லீன் ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ (1957) படத்தை முடித்தார். சிறந்த படம் உட்பட ஏழு ஒஸ்கார் விருதுகள் அதற்குக் கிடைத்தன.

முதலில் ரசிகனாகப் பேசுகிறேன். சினிமா கண்ட மிகச் சிறந்த முடிவுகளில் அதுவும் ஒன்று. ஜப்பானியச் சிறையில் இருக்கும் ஆங்கிலேயத் தளபதி நிக்கல்சன், தனது வீரர்களின் மானத்தைக் காப்பதாக எண்ணி எதிரிக்கே அருமையான பாலத்தைக் கட்டிக் கொடுக்கிறார். அதைத் தகர்க்க வந்த சொந்தப் படையினரையே தடுக்கிறார். கடைசிக் கணத்தில்தான் தான் செய்தது என்னவென்று அவருக்கு உறைக்கிறது. அடிபட்டு விழும் உடல் வெடிபொருளின் விசைமேல் விழ, பாலம் சிதறுகிறது, ரயில் ஆற்றில் கவிழ்கிறது. அவர் விழுந்தாரா, வேண்டுமென்று விழுந்தாரா? அலெக் கின்னஸின் முகத்தை எத்தனை முறை பார்த்தாலும் விடை கிடைக்காது. பியர் புல் எழுதிய மூல நாவலில் பாலம் தப்பிவிடுகிறது. நாவலைவிடப் படத்தின் முடிவே மேல் என்று நான் யாரோடும் வாதாடுவேன்.

அந்தக் காட்சியை எடுத்த கதையும் சுவையானது. 1957 மார்ச்சில் முதல் முயற்சியின்போது படப்பிடிப்பாளர் ஒருவர் உரிய நேரத்தில் விலகாததால் வெடிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. ஆளில்லாமல் ஓடிவந்த ரயில் மறுகரையில் மோதிச் சேதமடைந்தது. அதைச் சீர்செய்து மறுநாள் வெடிக்க வைத்தார்கள். பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டீ. பண்டாரநாயக்கவும் பரிவாரங்களும் அதை நேரில் பார்த்தார்கள். இப்போது ஆற்றில் எஞ்சியிருப்பது அத்திவாரத்தின் கொங்கிரீட் துண்டுகள்தான். அவற்றின் பக்கத்தில் நின்று வெளிநாட்டவர் படம் பிடித்துக்கொள்கிறார்கள்.

இனி எனது அளவுகோலை வைக்கிறேன். இந்த முடிவு யாரை ஞாபகம் வைத்திருக்கிறது?

பர்மா – சயாம் ரயில் பாதை கற்பனையல்ல. 1942இல் தொடங்கி 1943இல் முடித்த 415 கிலோமீற்றர் பாதை அது. நேச நாட்டுக் கைதிகள் 60,000க்கும் அதிகமானோர் அதில் வேலை செய்தார்கள், 12,000க்கும் அதிகமானோர் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களோ ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர். கொலராவாலும் பட்டினியாலும் அடி உதையாலும் அவர்களில் பல்லாயிரக் கணக்கானோர் மாண்டார்கள். கைதிகளைவிடப் பல மடங்கு அதிகம். அவர்களில் பெரும் பங்கினர் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். எந்தக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் எமது மலைகளுக்கு ஆட்களைக் கூட்டி வந்தார்களோ, அதே பக்கத்துக் கிராமங்களிலிருந்து வேறு கப்பலில் ஏறியவர்கள். கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. தொழிலாளர்களைக் குழியில் ஒன்றாகப் போட்டு மூடினார்கள்.

படத்தில் இந்தத் தமிழர்கள் இல்லை. ஒரு காட்சியிலும் இல்லை. வெடிபொருள் சுமந்து கொமாண்டோக்களோடு காட்டு வழியே நடந்து வரும் சயாமியப் பெண்கள் மட்டும் இருக்கிறார்கள். பாலம் வெடித்த பிறகு ஆங்கிலேய அதிகாரி, தான் செய்தது தவிர்க்க முடியாதது என்று அவர்களைப் பார்த்துத்தான் கத்துகிறார். அவர்கள் பதில் சொல்லவில்லை. முதுகில் சுமை, முகத்தில் பீதி. தேயிலை மலையில் வாழ்கிறவனுக்கு அந்த முகங்களைக் கடந்து போவது சுலபமல்ல. இதில் இன்னொரு கசப்பும் உண்டு. படம் எடுத்த காலத்தில் சுற்றியிருந்த மலைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்கள், 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டிருந்தார்கள். பாலம் விழுவதைப் பார்க்கப் பிரதமர் வந்த பாதை அவர்களின் மலைகளுக்கு ஏறும் பாதைதான்.

இந்த மறதி படத்தை எழுதியவர்களையும் விடவில்லை. திரைக்கதைக்கான ஒஸ்கார் பியர் புல்லுக்குக் கொடுக்கப்பட்டது. உண்மையில் எழுதிய மைக்கல் வில்சனும் கார்ல் ஃபோர்மனும் இடதுசாரிகள் என்று ஹொலிவூட் ஒதுக்கிவைத்தவர்கள். அவர்களின் பெயர் திரையில் வரவில்லை. 1980களின் நடுப்பகுதியில் விருது அவர்களுக்கென்று கையளிக்கப்பட்டபோது இருவருமே உயிரோடில்லை. எழுத்தாளனுக்காவது கால் நூற்றாண்டு கழித்து நியாயம் கிடைத்தது.

மலாயாத் தமிழர்களின் துயரத்தை எழுத ஒரு தமிழ் எழுத்தாளர்தான் வர வேண்டியிருந்தது. மலேசியாவின் ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ நாவலை இந்தப் படத்தைப் பார்த்த ஒவ்வொருவரும் தேடி வாசிக்க வேண்டும் என்பேன்.

ரயில் பாதைக்கு ஆள் பிடித்த விதம் பற்றிய பதிவுகளில் ஒன்று என்னை உறங்கவிடுவதில்லை. இலவசமாகப் படம் காட்டுவதாக அறிவித்து, மண்டபம் நிறைந்ததும் கதவுகளைப் பூட்டி, வந்திருந்தவர்களை அப்படியே சயாமுக்கு ரயிலேற்றிய சம்பவங்களும் நடந்தன. என்னைப்போல, உங்களைப்போல, படம் பார்க்கப் போனவர்கள். அவர்கள் உட்கார்ந்த படத்துக்குக் கடைசிக் காட்சி கிடையாது.

டேவிட் லீனின் படத்தை இனியும் பார்ப்பேன். நிக்கல்சன் விழும் கணத்தில் இனியும் மூச்சை அடக்குவேன். ஆனால் கித்துல்கலைக்குக் கூட்டிப் போகும் விருந்தினர்களிடம் ஹொலிவூட் கதையோடு மட்டும் நிறுத்திக்கொள்வதில்லை. அந்தக் கொங்கிரீட் துண்டுகளைக் காட்டி, இது படத்துக்காகக் கட்டிய பாலம், உண்மைப் பாதையைக் கட்டியவர்களில் எமது சொந்தக்காரர்களும் இருந்தார்கள் என்று சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள். சிலர் கெமராவைச் சரிசெய்கிறார்கள். கேட்பவர் ஒருவர் இருந்தாலும் போதும், சொல்லத்தான் வேண்டும்.