ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு ராத்திரித் தூக்கம்

ஆபரேஷன் என்றால் ரத்தம் எடுப்பார்கள், ஈசிஜி எடுப்பார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பார்கள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். "ஒரு ராத்திரி இங்க வந்து தூங்கிட்டுப் போங்க" என்று சொன்னால் என்ன செய்வது?

மதுக்கரைக்காரர் ஒருவரிடம் அப்படித்தான் சொன்னார்கள். சொந்தமாக ஒரு லாரி வைத்து, அவரே சிமெண்ட் லோடு ஓட்டுகிறவர். வயது 54, எடை 98 கிலோ. தொப்புள் பக்கம் குடலிறக்கம். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் தேதி வாங்கி, வந்த லோடுகளையெல்லாம் அதற்குத் தகுந்தபடி ஒதுக்கியும் வைத்துவிட்டார். இந்த நேரத்தில் ஸ்லீப் ஸ்டடி என்றால் அவருக்கு அது தண்டச்செலவாகத்தானே படும்? "தூங்கறதுக்கு எதுக்குங்க காசு? நானெல்லாம் படுத்தா அடுத்த நிமிசம் தூங்கிருவனுங்க" என்று டாக்டரிடமே சொன்னார்.

அந்த 'அடுத்த நிமிசம்'தான் டாக்டரை யோசிக்க வைத்தது. படுத்தவுடன் தூங்குவது ஆரோக்கியம் என்று நாம் நினைக்கிறோம். பல நேரம் அது தீராத தூக்கக் கடன்.

கூடப் போயிருந்த வீட்டுக்காரம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். "ஏனுங் டாக்டர், கொறட்டை விட்டுட்டே இருப்பாருங்க. திடீர்னு சத்தம் நின்னுருமுங்க. நானு ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவனுங்க. சில நாளு முப்பது வரைக்கும் போயிருமுங்க. அப்பறம் கெணத்துல முங்கி எந்திரிச்சாப்பல ஒரு இழுப்பு இழுப்பாருங்க."

"அவ கெடக்கறாளுங்க" என்றார் இவர். பத்து வருடமாக இதே பதில்தான்.

விஷயம் இதுதான். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு அந்தத் தளர்ச்சியில் மூச்சுப்பாதையே மூடிக்கொள்ளும். நெஞ்சும் வயிறும் இழுத்துப் பார்க்கும், காற்று உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறி ஒரு நொடி விழிக்க வைக்கும், பாதை திறக்கும், மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. காலையில் எழுந்தால் ஒன்றும் நினைவிருக்காது. இதுதான் ஸ்லீப் ஆப்னியா. இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் இறந்தபோது, மருத்துவர்கள் சொன்ன காரணத்தில் இந்தப் பெயர் இருந்தது. அன்றைக்குத்தான் நம்மில் பலர் இதை முதன்முதலாகக் கேள்விப்பட்டிருப்போம்.

சரி, இதற்கும் குடலிறக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? வீட்டில் தூங்கும்போது காப்பாற்றுவது அந்த ஒரு நொடி விழிப்பு. மயக்க மருந்தும், ஆபரேஷனுக்குப் பிறகு வலிக்குப் போடும் மார்ஃபின் வகை மருந்துகளும் தொண்டையை இன்னும் தளர்த்தும், அந்த விழிப்பையும் மழுங்கடிக்கும். தியேட்டருக்குள் பிரச்சினை குறைவு. குழாய் போட்டு, மானிட்டர் மாட்டி, பக்கத்திலேயே மயக்க மருந்து டாக்டர் இருப்பார். ஆபத்து அதற்குப் பிறகு, வார்டில். 'பாவம், நல்லா தூங்கறாரு' என்று எல்லோரும் தள்ளிப் போய்விடுகிற அந்த ராத்திரிகளில்தான்.

யாருக்குச் சந்தேகப்பட வேண்டும் என்பதற்கு ஒரு எளிய கேள்வித்தாள் இருக்கிறது. டொரொன்டோ மயக்கவியல் மருத்துவர் ஃபிரான்சஸ் சுங்கும் அவர் குழுவும் 2008இல் வெளியிட்டது, பெயர் ஸ்டாப்-பேங். எட்டே கேள்விகள்: பலத்த குறட்டை, பகலில் அசதி, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தது, ரத்தக்கொதிப்பு, அதிக உடல் பருமன், 50க்கு மேல் வயது, 40 சென்டிமீட்டருக்கு மேல் கழுத்துச் சுற்றளவு, ஆண் என்பது. ஐந்தோ அதற்கு மேலோ 'ஆமாம்' வந்தால் ஆபத்து அதிகம். இவருக்கு ஆறு. அதில் ஒன்று அந்தம்மா எண்ணிய எண்ணிக்கை. தூங்குகிறவனுக்குத் தன் குறட்டை எப்படித் தெரியும்?

அதற்காக எல்லோரும் ஸ்லீப் ஸ்டடிக்கு ஓட வேண்டும் என்றில்லை. அவசர ஆபரேஷன் என்றால் இதற்காகக் காத்திருக்க மாட்டார்கள். சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, எச்சரிக்கையோடு செய்துவிடுவதும் உண்டு. இவருக்கு அவசரம் இல்லை, ஆறு மார்க்கும் வாங்கியிருந்தார், அதனால் அனுப்பினார்கள்.

கிளம்புவதற்கு முன்னால் வந்த கட்டளைகளில் அவருக்குக் கஷ்டமாக இருந்தவை இரண்டு. மதியத்துக்கு மேல் டீ, காபி கூடாது. லாரிக்காரருக்கு இது பெரிய தண்டனை! இன்னொன்று, தலைக்கு நன்றாகக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் வர வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மின்முனைகள் ஒட்டாது. பகலில் குட்டித் தூக்கம் போடக் கூடாது, குடிக்கக் கூடாது, பெண்களாக இருந்தால் நகப்பூச்சை அழித்துவிட்டு வர வேண்டும். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். லுங்கியும் தன் தலையணையும் கொண்டு போகலாம். கொண்டு போனார்.

ராத்திரி எட்டரைக்கு அங்கே இருந்தார். ஒரு கட்டில், ஒரு ஃபேன், மூலையில் ஒரு கேமரா. லாட்ஜ் ரூம் மாதிரிதான் இருந்தது. டெக்னீஷியன் பெண் முக்கால் மணி நேரம் ஒயர் ஒட்டினார். மூளை அலைகளுக்குத் தலையில், கண் அசைவுக்குக் கண்ணோரத்தில், தசைக்குத் தாடையிலும் கால்களிலும், இதயத்துக்கு நெஞ்சில். மூக்கில் ஒரு சின்னக் குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் ஆளுக்கொரு பட்டை, விரலில் ஆக்சிஜன் கிளிப். "கரண்ட் உள்ள வருமாம்மா?" என்று கேட்டார். "இல்லீங்க அண்ணா, உங்ககிட்ட இருந்துதான் எங்களுக்கு வரும்" என்றார் அந்தப் பெண். ஊசி கிடையாது, வலி கிடையாது. பாத்ரூம் போக வேண்டுமானால் குரல் கொடுத்தால் போதும், பெட்டியில் ஒரே ஒரு இணைப்பைக் கழற்றி அனுப்புவார்கள். விளக்கை அணைக்கும் முன் ஸ்பீக்கரில் குரல் வரும்: கண்ணை இடமும் வலமும் உருட்டுங்க, பல்லைக் கடிங்க, காலை ஆட்டுங்க. ஒயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு.

'யாரோ பார்க்கும்போது எப்படித் தூங்குவது' என்பதுதான் எல்லோருடைய பயமும். மதுக்கரைக்காரர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து அங்கே ரயில் பாதையோரம் 12 கோபுரங்களில் கேமரா வைத்து, ராத்திரியெல்லாம் யானை வருகிறதா என்று பார்க்கிறார்கள். கண்ட இடத்தில் ரயிலுக்குத் தகவல் போகும். இங்கேயும் அதே வேலைதான், எதிரே படுத்திருப்பது மட்டும் வேறு ஆள். புது இடத்தில் தூக்கம் குறையும் என்பது டாக்டர்களுக்கும் தெரியும். எட்டு மணி நேரம் அசந்து தூங்கினால்தான் கணக்கு என்றில்லை, சில மணி நேரம் கிடைத்தாலும் பெரும்பாலும் போதும். இவருக்கு அந்தக் கவலையே இல்லை. பத்தே நிமிடம்.

ஒரு மணிக்கு எழுப்பினார்கள். பாதி ராத்திரியிலேயே அடைப்புகள் ஏராளமாகத் தெரிந்துவிட்டால், மீதி ராத்திரியில் மாஸ்க் போட்டுப் பார்ப்பது வழக்கம். சிபாப் என்று பெயர். மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கும். சிட்னியில் காலின் சல்லிவன் 1981இல் இதை வெளியிட்டார். ஆரம்பத்தில் வாக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்துத்தான் செய்தாராம். முதல் ஐந்து நிமிடம் ஜன்னலோரம் முகத்தைக் கொடுத்த மாதிரி மூச்சு முட்டியது. அப்புறம் தூங்கிப் போனார். காலை ஆறு மணிக்கு எழுந்தபோது தலையெல்லாம் பசை. ரிசல்ட் என்ன என்று கேட்டதற்கு அந்தப் பெண் சொல்லவில்லை. அதை டாக்டர்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

நான்கு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. மணிக்கு 42 முறை மூச்சு நின்றோ குறைந்தோ இருந்தது. ஐந்துக்குக் கீழே இருந்தால் சரி, முப்பதைத் தாண்டினால் தீவிரம். ஆக்சிஜன் 74 வரை இறங்கியிருந்தது. நீளமான அடைப்பு 51 விநாடி. அந்தம்மா முப்பதோடு எண்ணுவதை நிறுத்தி, உலுக்கி எழுப்பிவிடுவார்.

"அவ கெடக்கறாளுங்க" என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை. ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வாளையாரில் லாரிகள் வரிசையில் நிற்கும்போது ஸ்டியரிங்கிலேயே தூங்கி, பின்னால் ஹாரன் அடித்து எழுப்பிய கதையை முதல் தடவையாகச் சொன்னார். வரிசையில் நின்றபோது மட்டும்தானா என்று டாக்டர் கேட்டார். இல்லை.

ஆபரேஷன் மூன்று வாரம் தள்ளிப்போனது. அதுவரை தினமும் வாடகை மெஷினோடு படுத்தார். ஆபரேஷனில் வலிக்கு மார்ஃபின் வகையைக் குறைத்து வேறு மருந்துகளும் நரம்பு மரக்கச் செய்யும் ஊசியும் போட்டார்கள். முழு நினைவு திரும்பிய பிறகே குழாயை எடுத்தார்கள். முதல் ராத்திரி சாதா வார்டுக்கு அனுப்பாமல், தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில், விரலில் கிளிப்போடு, வீட்டிலிருந்து வந்த அதே மெஷினோடு படுக்க வைத்தார்கள். ஆக்சிஜன் 93க்குக் கீழே இறங்கவில்லை.

மெஷின் இப்போது சொந்தமாக வாங்கியாகிவிட்டது. அதை வண்டியில் வைத்து ஓட்ட வசதியில்லை என்பதால், ராத்திரி லோடுகளுக்கு வேறு டிரைவர் போட்டிருக்கிறார். மாசம் கையில் நிற்பது குறைந்திருக்கிறது. அதைப் பற்றி இன்னும் முனகிக்கொண்டுதான் இருக்கிறார்.