சட்டைக்குக் கை வைக்கும் கலை

தாராவி நைன்டி ஃபீட் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், செங்குத்தான இரும்பு ஏணியைப் பிடித்துக்கொண்டு ஏறினால் அந்தத் தையல் பட்டறை வரும். மும்பைக்காரர்கள் மாலா என்று சொல்லும் மேல்தளம். தலை நிமிர்ந்து நிற்கக் கூரை இடம் தராது. சுவரை ஒட்டி மெஷின்கள், நடுவில் வெட்டுமேஜை, மேஜையின் மேல் பிவண்டித் தறியில் நெய்த கோடுபோட்ட துணி, பல மடிப்பாக அடுக்கியது. மேஜைக்குப் பின்னால் கட்டிங் மாஸ்டர். திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவர். பட்டறையில் பீகார்ப் பையன்கள் உட்பட எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான்.

ஆயத்த ஆடைத் தொழிலில் எது கடினமான வேலை என்று கேட்டேன்.

“காலர்னுதான் எல்லாரும் நெனைக்காங்க. கண்ணுக்கு நேரா இருக்குல்லா. நான் சொல்லுதேன் தம்பி, கைதான் கஷ்டம். மத்ததெல்லாம் துணியைத் துணியோட தைக்கிறது. கை மட்டுந்தான் அசையுற உடம்போட தைக்கிறது.”

சொன்னதோடு விடவில்லை. பழுப்புக் காகிதத்தை விரித்து, சாக்பீஸால் இரண்டு கைகள் வரைந்து காட்டினார். இரண்டும் ஒரே சட்டைக்கானவை. சட்டையின் ஆம்ஹோல், அதாவது கையைப் பொருத்தும் குழி, சுற்றளவில் 20 இஞ்ச். கையின் தலைப்பகுதி மேடுபோல் வளைந்து எழும்பும். அதன் உயரத்தைக் கேப் என்கிறார்கள். முதல் கைக்கு 6 இஞ்ச் கேப் வைத்தார். அகலம் ஏறக்குறைய 16 இஞ்ச் வந்தது. இரண்டாவதற்கு 4 இஞ்ச். அகலம் 18 இஞ்சைத் தாண்டியது. குழியின் சுற்றளவு மாறாது. ஆகவே மேடு உயர்ந்தால் கை ஒடுங்கும், மேடு தாழ்ந்தால் கை விரியும். பள்ளிக்கூடத்துச் செங்கோண முக்கோணக் கணக்குதான். அண்ணாச்சி அதைக் கணக்காகச் சொல்லவில்லை. விரல் நுனியில் வைத்திருக்கிறார்.

உடம்பின் மேல் இந்தக் கணக்கு வேறு முகம் காட்டுகிறது. உயர்ந்த கேப் வைத்த கை, நாம் கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது ஒரு சுருக்கமும் இல்லாமல் தோளிலிருந்து நேராக இறங்கும். கோட்டு போட்டவர் புகைப்படத்தில் கம்பீரமாகத் தெரிவது அதனால்தான். ஆனால் அதே கோட்டோடு பேருந்துக் கம்பியைப் பிடிக்க முடியாது, தோள் இழுக்கும். தாழ்ந்த கேப் வைத்த கையைத் தாராளமாகத் தூக்கலாம். இறக்கினால் அக்குளில் துணி மடிந்து திரளும். நிற்கும் அழகும் அசையும் சுகமும் முழுதாகச் சேர்ந்து கிடைப்பதில்லை. எதற்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்று தீர்மானிப்பவர்தான் மாஸ்டர்.

அடுத்து அவர் காட்டியது எனக்குப் புதிது. குழி ஆழமாக, தளர்வாக இருந்தால் கையை வசதியாக ஆட்டலாம் என்றுதான் நாம் நினைப்போம். நடப்பது நேர்மாறு. தொங்கிக்கொண்டிருந்த சட்டை ஒன்றை என்னைப் போடச் சொன்னார். “ரெண்டு கையையும் தூக்குங்க.” தூக்கினேன். சட்டை மொத்தமும் இடுப்பிலிருந்து கிளம்பி மேலே வந்தது. குழியின் அடிப்புள்ளி அக்குளை விட்டு விலாவுக்கு இறங்கிவிட்டால், கையைத் தூக்கும்போது பக்கத் தையலில் நீளம் போதாது. அது உடம்புத் துணியையும் சேர்த்து இழுக்கும். குழி அக்குளை ஒட்டி உயர்ந்திருந்தால் கை மட்டும் எழும், சட்டை இருந்த இடத்திலேயே இருக்கும்.

அப்படியென்றால் ஏன் ஆழமாக வெட்டுகிறார்கள்? இந்தக் கேள்விக்கான பதில் மேஜையில் இல்லை, மெஷின் வரிசையில் இருந்தது. இங்கே முன்பாகத்தையும் பின்பாகத்தையும் தோளில் மட்டும் சேர்த்துவிட்டு, பக்கங்கள் திறந்திருக்கும்போதே கையைத் தைத்துவிடுகிறார்கள். பிறகு கையின் அடித்தையலும் சட்டையின் பக்கத் தையலும் ஒரே ஓட்டத்தில் முடியும். இந்த முறைக்குத் தாழ்ந்த கேப்பும் ஆழமான குழியின் தட்டையான வளைவும்தான் ஒத்துவரும். இரண்டு விளிம்பும் ஏறக்குறைய ஒரே நீளம் என்பதால் நிறுத்தி நிதானித்துச் சரிசெய்ய வேண்டியதில்லை. உயர்ந்த கேப் அப்படியல்ல. அதன் விளிம்பு குழியின் விளிம்பைவிட நீளமாக இருக்கும். நல்ல கோட்டில் அந்த வித்தியாசம் ஒரு இஞ்சுக்கு மேல்கூடப் போகும். அந்தக் கூடுதல் துணியைச் சுருக்கமே தெரியாமல் உள்ளே அமுக்கித் தைக்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்னும்போது, நேரம் என்பது சோறு.

இன்னொன்று, ஆழமான குழி ஒல்லிக்கும் குண்டுக்கும் சேர்த்துப் பொருந்திப் போகும். கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட்டில் மீடியம், லார்ஜ் என்று இரண்டு மூன்று அளவில் குவித்து விற்கும் சட்டை எல்லா உடம்புக்கும் ‘பரவாயில்லை’ ஆக வேண்டும்; ஒருவருக்கும் ‘கச்சிதம்’ ஆக வேண்டியதில்லை. நம் ஊர்த் தெருக்களில் தொளதொளவென்று திரியும் சட்டைகளின் உருவத்தை வரைந்தது எந்த வடிவமைப்பாளரும் அல்ல. ஒரு கையை இத்தனை நிமிடத்தில் வைத்து முடிக்க வேண்டும் என்ற கூலிக் கணக்குதான் அதை வரைந்தது. தாராவியில் நான் கற்றவற்றில் முதன்மையானது இதுதான்.

கை வைக்கும் மெஷினில் இருந்தவர் இருபதுகளில் இருக்கும் பீகார் இளைஞர். அவர் விரல்களைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சட்டைக் கையில் முன்பக்கம் ஒரு வெட்டுக்குறி, பின்பக்கம் இரண்டு. நம் கைகள் உடம்பின் பக்கவாட்டில் நேராகத் தொங்குவதில்லை, சற்று முன்னால் சாய்ந்தே தொங்குகின்றன. அதனால் முன்குழியைக் கூடுதலாகக் குடைந்து வெட்டுவார்கள். பின்பக்கம் முதுகு விரிவதற்கு இடம் விடுவார்கள். வலது கையும் இடது கையும் மாறிப்போனால் இந்தக் கணக்கு முழுக்கக் கெடும். அவர் குறிகளைக் கண்ணால் பார்க்கவில்லை. கட்டைவிரல் நகத்தால் தடவியே கண்டுகொண்டார். வளைவு ஏறும் இடத்தில் கீழ்த்துணியை நடுவிரலால் இழுத்துப் பிடித்து, மேல்துணியை லேசாகத் தளரவிட்டார். ஊசி தோள் தையலைக் கடக்கும் நொடியில் மட்டும் பெடலில் அழுத்தம் குறைந்தது. பிறகு ஒரே ஓட்டம். அடுத்த பண்டல். கீழே வாசற்படியில், முடிந்த சட்டைகளில் தொங்கும் நூல்களை நறுக்கிக்கொண்டிருந்தார்கள் தமிழ்ப் பெண்கள். தாகா கட்டிங் என்பது வேலையின் பெயர். அதற்கும் பீஸ் ரேட்தான்.

டீ-ஷர்ட் தைக்கும் பக்கத்துப் பட்டறையில் ராக்லன் கை. கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாகத் தையல் ஓடும். தோள் என்று தனி இடமே இல்லை. 1815-இல் வாட்டர்லூ போரில் வலது கையை இழந்த ஆங்கிலத் தளபதி ராக்லன் பிரபுவின் பெயர் அது. தோள் அளவு தப்பினாலும் இந்தக் கை காட்டிக்கொடுக்காது. மொத்த உற்பத்திக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை.

சயான் பக்கம் தோல் கடைகளுக்குத் தோல் கோட்டு தைக்கும் பட்டறையில் இந்தத் தாராளம் எதுவும் செல்லாது. திருநெல்வேலித் தமிழர்கள் தாராவிக்கு வந்து தோல் பதனிட்ட காலம் உண்டு. பதனிடுவது பெரும்பாலும் வெளியூர் போய்விட்டது, தைப்பது நிற்கிறது. பருத்தியில் தவறான தையலைப் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். தோலில் ஊசி போட்ட ஓட்டை ஓட்டைதான். கம்பளிக் கோட்டுபோல ஆவி காட்டிச் சுருக்கவும் முடியாது. ஆகவே கேப்பில் கூடுதல் நீளம் மிகக் குறைவு; முழங்கை மடியும் வளைவைத் தோல் தராததால், கையை இரண்டு துண்டாக வெட்டி வளைவைத் தையலிலேயே கொண்டுவருகிறார்கள். மார்க் போட்டபின் ஒரே வாய்ப்பு. அங்கே யாரும் பேசிக்கொண்டு தைப்பதில்லை.

மாட்டுங்காவில் கதை வேறு. பட்டுப்புடவைக் கடைகளும் பூக்கடைகளும் இருக்கும் அந்த வட்டாரத்தில் ஜாக்கெட் தைக்கும் டெய்லருக்கு ஒவ்வொரு உடம்பும் தனி. அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு ஒரு மூத்த பெண்மணி சொன்னார்: “போன தடவை அக்குள்ல சுருக்கம் விழுந்தது, பாத்துக்கோப்பா.” டெய்லர் பதிலுக்கு, “மாமி, கொஞ்சம் கையை முன்னாடி நீட்டுங்கோ” என்றார். நீட்டியதும் அவருக்குப் புரிந்துவிட்டது. முன்குழியைப் போதுமான அளவு குடையவில்லை. சாக்பீஸ் கோடு கால் இஞ்ச் உள்ளே நகர்ந்தது. அந்தக் கால் இஞ்ச்தான் வித்தியாசம்.

பட்டு ஜாக்கெட்டில் இன்னொரு கட்டுப்பாடு, கையில் வரும் ஜரிகைக் கரை. கரை நேராக நெய்தது, அதை வளைக்க முடியாது. கையோ முழங்கையை நோக்கி ஒடுங்குகிறது. அந்த ஒடுக்கத்தை அடித்தையலில்தான் பிடிக்க வேண்டும். பிடித்தால் இரு பக்கக் கரையும் அங்கே சாய்வாகச் சந்தித்துக் கூராகும். கூர் அதிகமானால் அசிங்கம், இல்லாவிட்டால் கை தொளதொளப்பு. இரண்டுக்கும் நடுவில், கையை இறக்கினால் வெளியே தெரியாத அளவுக்கு அந்தக் கூரை நிறுத்துவது அவர் திறமை.

ஜாக்கெட்டுக்குப் பின்னால் இந்த ஊரின் வரலாறும் இருக்கிறது. 1860-களில் கணவர் சத்யேந்திரநாத் தாகூரோடு பம்பாயில் வசித்த ஞானதானந்தினி தேவி, பார்சிப் பெண்களைப் பார்த்துத்தான் ரவிக்கையோடு புடவை உடுத்தும் முறையை வங்காளத்துக்குக் கொண்டுபோனார். அதற்குச் சற்று முன்புவரை நம் தெற்குக் கோடியில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் தோளை மூடும் உரிமைக்கே அடியும் உதையும் பட்டார்கள். 1859 ஜூலை 26-ஆம் தேதி திருவிதாங்கூர் அரசாணை அவர்களைக் குப்பாயம் என்ற மேல்சட்டை போட அனுமதித்தது. அதுவும் உயர்சாதிப் பெண்களைப்போல மேல்சீலை அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு. கை வைத்த ஒரு ரவிக்கை நமக்கு இனாமாக வரவில்லை.

கடைசியாகச் செம்பூரில், பரதநாட்டிய உடை தைக்கும் ஒருவரிடம் போனேன். மாட்டுங்காவில் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் 1945-இல் தொடங்கிய காலத்திலிருந்தே இந்த வட்டாரத்தில் நாட்டியம் பயிலும் பிள்ளைகள் உண்டு. நாட்டியாரம்ப நிலையில் இரு கைகளும் தோள் உயரத்தில் விரிந்து நிற்கும். ஆடுபவர் அப்படியே பல நிமிடம் நிற்க வேண்டும். ரவிக்கை ஒரு விரற்கடைகூட ஏறக் கூடாது. பட்டோ நெகிழாத துணி. அவர் அக்குளில் சிறு சதுரத் துண்டைக் குறுக்காக வெட்டி, சாய்சதுரமாக வைத்துத் தைக்கிறார். குறுக்கு வெட்டில் துணி சற்று இழுபடும். கை விரிந்தால் துண்டு விரியும், இறங்கினால் உள்ளே மடிந்து மறையும். வியர்வையில் முதலில் நைந்துபோவதும் அதுவே. அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வளரும் பிள்ளைக்காகத் தையலுக்குள்ளே கூடுதல் துணியும் விட்டுவைக்கிறார். தாராவி மேஜையில் கூலி அனுமதிக்காத அத்தனையையும் இங்கே பார்த்தேன்: உயர்ந்த குழி, அசைய இடம், ஓர் உடம்புக்கென்றே செலவழித்த நேரம். அறிவு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அண்ணாச்சிக்கும் இதெல்லாம் தெரியும். தெரிந்ததைச் செய்யும் விலையை நாம் அவருக்குக் கொடுப்பதில்லை.

இப்போது அண்ணாச்சியின் மேஜைக்கே இடம் நிலையில்லை. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருந்தவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு என்று அறிவித்திருக்கிறார்கள். மேல்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்கு வெளியேதான் வீடு. இந்தக் கை வைக்கும் தொழில் பெரும்பாலும் மேல்தளத்தில்தான் நடக்கிறது. துணி வெட்டும் மேஜை ஓரிடம், காஜா போடுபவர் ஓரிடம், தாகா கட்டிங் பெண்கள் ஓரிடம் என்று சிதறினால் பட்டறை பிழைக்காது. வீட்டைப் போலவே மேஜைக்கும் தாராவிக்குள் இடம் ஒதுக்க வேண்டும். அதைக் கேட்பதில் மும்பைத் தமிழ் அமைப்புகள் முன்னால் நிற்க வேண்டும்.

வாங்கும் நமக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த முறை கடையில் சட்டையையோ ஜாக்கெட்டையோ போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் அசையாமல் நிற்காதீர்கள். இரண்டு கையையும் தூக்குங்கள். உடை இருந்த இடத்திலேயே இருந்தால், யாரோ ஒருவர் தன் நேரத்தை அதில் கொட்டியிருக்கிறார். அதற்குக் கேட்கும் விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.