கரையில் ஒரு தொழில்

தவக்காலம் வந்தால் எங்கள் வகுப்பு மேசைமேல் ஒரு மண் உண்டியல் வந்து உட்கார்ந்துவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தக் காசு, சிறையிலிருந்து விடுதலையாகி வருகிறவர்களின் மறுவாழ்வுக்கு என்று சிஸ்டர் சொன்னார்கள். அக்காவும் தங்கையுமான நாங்கள் இருவரும் ஐந்தும் பத்துமாகப் போட்டோம். சிறைவாசி என்றால் எங்கோ இருக்கும் யாரோ ஒருவர் என்றுதான் எங்களுக்கு நினைப்பு. அந்த ஆடி மாதத்திலேயே எங்கள் அப்பா சிறைக்குப் போனார்.

அப்பாவுக்குச் சொந்தப் படகு கிடையாது. கோட்டைப்பட்டினத்து விசைப்படகு ஒன்றில் பங்குக்குப் போகிறவர். எல்லை தாண்டியது உண்மைதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். 1974-லும் 1976-லும் ஒப்பந்தம் செய்து கோடு போட்டார்கள். இரவில் தண்ணீர்மேல் கோடு தெரியுமா என்பது எங்கள் கரையோரப் பேச்சு. ஆனால் அக்கரை மீனவர்களுக்கும் எங்களைப் போல் பிள்ளைகள் உண்டல்லவா? அடிக்கடலை வாரிக்கொண்டு போகும் இழுவைமடியை இலங்கை 2017-இல் சட்டம் போட்டே தடுத்துவிட்டது. இதைச் சொன்னால் அப்பா மறுத்துப் பேசுவதில்லை. வேறு என்னம்மா தெரியும் எனக்கு என்று மட்டும் கேட்பார்.

மூன்று மாதம் கழித்து அப்பா வந்தார். படகு வரவில்லை. தெருவே திரண்டு வந்து அவரைப் பார்த்தது. எங்கள் கரையில் அந்தச் சிறைக்குப் போய் வந்தால் யாரும் இழிவாக நினைப்பதில்லை. ஆனால் காவலாளி வேலை கேட்டு அறந்தாங்கிக்குப் போனபோது, இடையில் மூன்று மாதம் எங்கே இருந்தீர் என்று ஒருவர் கேட்டாராம். அப்பா பொய் சொல்லத் தெரியாதவர். சொல்லியனுப்புகிறோம் என்றார்கள், சொல்லியனுப்பவில்லை. பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் அதே சிறை வேறாகிவிடுகிறது!

சிறையில் என்ன கற்றீர்கள் என்று தங்கை விளையாட்டாகக் கேட்டாள். நாலைந்து சிங்களச் சொற்கள் என்றார் அப்பா. அம்மா சிரிக்கவில்லை.

நாங்கள் சிஸ்டரிடம் போய் நின்றோம். நம் மாநிலத்து ஏற்பாடுகளை அவர்கள் பொறுமையாகச் சொன்னார்கள். திருச்சி மத்திய சிறைக்குள்ளேயே ஐ.டி.ஐ. உண்டு. புழலில் 2023-ஆம் ஆண்டு பெண் சிறைவாசிகளே நடத்தும் பெட்ரோல் பங்க் திறக்கப்பட்டது. நம் புதுக்கோட்டையிலேயே இளைஞர்களுக்கான பார்ஸ்டல் பள்ளி இருக்கிறது. 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த ஏற்பாடு அது. விடுதலையானவர்கள் தொழில் தொடங்க உதவ ஒரு சங்கமும் உண்டு. கேட்கக் கேட்க எங்களுக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. ஆனால் இவையெல்லாம் இங்குள்ள சிறைகளில் இருந்தவர்களை நினைத்துச் செய்தவை. அயல்நாட்டுச் சிறையிலிருந்து வருகிற கூலியை எந்தப் பதிவேட்டில் தேடுவது?

மீனவருக்கென்று திட்டம் இல்லாமல் இல்லை. 2017-இல் இழுவைப் படகை விட்டுவிட்டு ஆழ்கடலில் சூரை பிடிக்கும் திட்டம் வந்தது. நம் மாவட்டமும் அதில் உண்டு. அப்போது ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய் என்று கணக்கு வைத்தார்கள். மத்திய அரசு பாதியும் மாநில அரசு 20 சதவீதமும் கொடுக்க, 20 சதவீதம் வங்கிக் கடன். மீதிப் பத்து சதவீதத்தை மீனவர் போட வேண்டியிருந்தது. அதுவே 8 லட்சம்! அக்கா நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினாள். அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். படகுக்காரருக்குத்தான் அந்தத் திட்டம். மடி இழுக்கிறவருக்கு அல்ல.

கடைசியில் வழி எங்கள் கண்ணெதிரிலேயே இருந்தது. கரையில் டீசல் என்ஜின் பழுது பார்க்கும் கொட்டகை ஒன்று உண்டு. அதை நடத்துகிற அண்ணன் அப்பாவைவிடப் பத்து வயது இளையவர். அவரிடம் போய், கற்றுக்கொடு தம்பி என்று கேட்க அப்பாவுக்கு ஒரு வாரம் பிடித்தது. நாற்பத்தாறு வயதில் எடுபிடி! ஆறு மாதம் சம்பளம் இல்லை, மதியச் சோறு மட்டும். அந்த ஆறு மாதமும் அம்மாவின் மீன் கூடையில்தான் வீடு நடந்தது. அக்காவின் படிப்பை நிறுத்திவிடலாமா என்று இரவில் பேசிக்கொண்டார்கள். நாங்கள் தூங்குவதுபோல் படுத்திருந்தோம். மறுநாள் அம்மா தோட்டை அடகு வைத்து ஒரு ஸ்பேனர் செட் வாங்கி வந்தார்கள். படிப்புப் பேச்சு பிறகு எழவில்லை.

மேற்குக் காற்றா, எந்த வலிக்கு எங்கே ஓடும் என்று கடலைப் படித்த காது அப்பாவுக்கு. என்ஜின் சத்தத்தையும் அந்தக் காதால்தான் கேட்கிறார் என்று அந்த அண்ணன் சொன்னார். அப்பா அதை எங்களிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் இரண்டு முறை சொன்னாராம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வழக்கமாக அந்த நாட்களில் எங்கள் வீட்டில் கடன்தான் வளரும். ஆனால் படகுகள் எல்லாம் கரையேறி நிற்கும்போதுதான் என்ஜின்களைப் பிரிப்பார்கள். இந்த ஆண்டு தடைக்காலத்தில் அப்பா இருட்டிய பிறகுதான் வீடு திரும்பினார். கையெல்லாம் கருப்பு எண்ணெய். தங்கை சீயக்காய்த் தூளை எடுத்துக்கொண்டு ஓடினாள்.