மணலுக்கேற்ற சங்கிலி



குடும்பப் பத்திரிகையில் பற்சக்கரத்தையும் சங்கிலியையும் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் வியக்கலாம். நம்மில் பலருடைய பிள்ளைகள் அரபு நாடுகளில் பணிபுரிகிறார்கள். விடுமுறை நாளில் அவர்கள் எதில் ஏறி எங்கே போகிறார்கள் என்பது வீட்டார் அறிய வேண்டிய செய்தியல்லவா?

ரியாத்தில் இருக்கும் என் தமக்கையின் மகன் அண்மையில் தொலைபேசியில் அழைத்தான். ஏ.டி.வி. எனப்படும் நான்கு சக்கர மோட்டார் வண்டியில் நண்பர்களோடு மணல்மேட்டில் பந்தயம் ஓடப் போகிறானாம். 2020 முதல் டக்கார் நெடும்பந்தயம் நடக்கும் நாடு அது. இளைஞனுக்கு ஆசை வந்ததில் வியப்பில்லை. "மாமா, முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல்லைக் கூட்டினால் வேகம் கூடுமாமே?" என்றான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பற்சக்கரம் வெட்டியே முடி நரைத்தவன் என்பதால் என்னைக் கேட்டான்.

கூடும், ஆனால் கெட்டியான தரையில். நம் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் மோட்டார் பந்தயங்கள் நடந்த காலம் உங்களில் மூத்தோருக்கு நினைவிருக்கும். அத்தகைய தரைக்கு அந்தக் கணக்கு பொருந்தும். மணலோ சக்கரத்தை விழுங்கப் பார்க்கும். பழவேற்காட்டுக் கடற்கரையில் மிதிவண்டி ஓட்டிப் பார்த்தவர்கள் அறிவார்கள்: மிதிக்க மிதிக்கக் கால் கனக்கும், வண்டி நகராது. மணலில் முதலில் வேண்டுவது இழுவிசை. வேகம் அதன் பின்னர்தான்.

அவன் வண்டியில் முன்னே 14 பற்கள், பின்னே 38. முன் சக்கரம் 2.71 முறை சுழன்றால் பின் சக்கரம் ஒருமுறை சுழலும். முன்னே 13 ஆக்கினால் அது 2.92 ஆகும். இழுவிசை ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கு கூடும். உச்ச வேகம் ஏழு பங்கு குறையும். முன்னே 14 இருக்க, பின்னே 41 வைத்தாலும் ஏறக்குறைய அதே பலன்தான். முன்னே ஒரு பல், பின்னே மூன்று பற்களுக்குச் சமம் என்று நினைவில் கொள்ளலாம். சிறிய முன் சக்கரத்தில் சங்கிலி கூடுதலாக வளைந்து விரைவில் தேயும் என்பதால், இடம் இருந்தால் பின் சக்கரத்தைப் பெரிதாக்குவதே நல்லது என்றேன்.

சங்கிலியில், முளைகளுக்குள் மசகு வெளியேறாமலும் மணல் புகாமலும் காக்கும் ரப்பர் வளையங்கள் கொண்டதே ஏற்றது. வெளியே எண்ணெயை வழிய விட்டால் மணல் அதில் ஒட்டி, சாணைக்கல்லைப் போல் பற்களை அரைத்துவிடும். மண்ணெண்ணெயில் துடைத்து, மெல்லப் பூசி, மிகுதியை வழித்துவிட வேண்டும். தேய்ந்த சங்கிலியைப் புதிய பற்சக்கரத்தில் மாட்டலாகாது. மூன்றையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். சங்கிலியை விறைப்பாகவும் கட்டலாகாது. ஆள் ஏறி அமர்ந்து மேட்டில் குதிக்கும்போது அது இன்னும் இறுகும். ஓட்டத்தில் அறுந்த சங்கிலி எஞ்சின் கூட்டை உடைக்கும். காலையும் பதம் பார்க்கும்.

பிறகு, அவனிடம் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னேன். என் வலக்கைச் சுட்டுவிரலின் நுனி இல்லாததை அவன் சிறுவயது முதல் பார்த்திருக்கிறான், காரணம் அறியான். தொழில் பழகிய நாளில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே துணியால் சங்கிலியைத் துடைத்தேன். துணியைப் பற்கள் இழுத்தன. துணியோடு விரலும் போயிற்று. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை; எஞ்சினை அணைக்கச் சோம்பினேன், அவ்வளவுதான். "எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றித் துடை. சங்கிலிக் காப்பை எடை குறைக்கவென்று கழற்றாதே. தலைக்கவசமின்றி ஏறாதே" என்றேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நம் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சங்கிலியைச் சரிபார்ப்பதும் ஒட்டகத்தைக் கட்டுவதில் அடங்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பந்தயம் முடிந்த அன்று இரவு அழைத்தான். முந்தினானா என்று நான் கேட்கவில்லை. கைகால் நலமா என்றே கேட்டேன். "அல்ஹம்துலில்லாஹ், நலம் மாமா. 41 பல் வைத்தேன், ஒரு மேட்டிலும் வண்டி புதையவில்லை" என்றான். அதைக் கேட்ட பிறகுதான் என் தமக்கை முஸல்லாவை மடித்து வைத்தாள்.

உங்கள் பிள்ளைகள் அழைக்கும்போதும், பணம் அனுப்பிய கணக்கோடு இதையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அல்லாஹ் நம் அனைவரின் பிள்ளைகளையும் காத்தருள்வானாக! ஆமீன்.