ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை லோடு?

ரோட்டை டேப் வைத்து அளந்தாலும், தார்க்கலவைக்குப் பில் வருவது வே பிரிட்ஜ் சீட்டுப்படி, டன்னில்தான்.

விழுப்புரம்–திண்டிவனம் சாலையில் 1 கி.மீ. நீளம், 7 மீட்டர் அகலம், 40 மி.மீ. கனம் போடணும்னு வைத்துக்கொள்ளலாம்.
1000 × 7 × 0.04 = 280 கன மீட்டர்.
இறுகிய கலவை கன மீட்டருக்குச் சுமார் 2.4 டன்.
ஆக 672 டன். 16 டன் டிப்பரில் 42 லோடு.

இதில் தார் நூற்றுக்கு ஐந்தரை, 37 டன். மிச்சமெல்லாம் ஜல்லியும் கல்தூளும்.

கனத்தில்தான் கணக்கு வழுக்கும்.
பேவர் 50 மி.மீ. விரிச்சா, ரோலர் ஏறி இறங்கினதும் ஏறக்குறைய 40 ஆகிடும். விரிச்ச கனத்தைப் பெருக்கினால் 840 டன் வந்து நிற்கும்!

பழைய ரோட்டின் பள்ளம் விழுங்குவதற்கு 5 சதவீதம் கூட்டிக்கொள்ளலாம்.
ஐப்பசி மழை முடிஞ்ச ரோட்டுக்கு அது போதுமா?